சியோல்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஃப்ரீ: அப்பாவோட நடந்தே பழைய இடங்கள் பாக்கணும், சுவோன் போகலாமா?

பயணப்பித்து

எல்லாருக்கும் வணக்கம். ஆஃபீஸ் வேலையா அக்டோபர்ல சியோல் வர்றேன், இந்த தடவ அப்பாவையும் கூட்டிட்டு வர்றேன். வார நாள் முழுக்க எனக்கு மீட்டிங்லயே போயிடும், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய போக முடியும். அப்பா வரலாறு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், தினமும் காலைல வாக்கிங் போற ஆளு, அதனால நடக்குறதுக்கு பயமில்ல, ஆனா செங்குத்தான படி நிறைய இருந்தா முட்டி கொஞ்சம் படுத்தும்.

டூர் பஸ்ல ஏறி ஒவ்வொரு இடத்துலயும் இருபது நிமிஷம் இறக்கிவிட்டு ஃபோட்டோ எடுத்துட்டு ஓடுற மாதிரி போறதுல ரெண்டு பேருக்குமே இஷ்டமில்ல. ஒரே இடத்துல இறங்கி, நாள் முழுக்க மெதுவா நடந்து, நடுவுல உக்காந்து டீ குடிச்சு, ஊரையும் பாத்து, பழசையும் பாக்கணும். மியூசியம் மாதிரி வேலி போட்டு தனியா வெச்ச இடமா இல்லாம, இப்போ ஜனங்க வாழுற ஊருக்கு நடுவுலயே பழைய கட்டிடம் இருக்குற மாதிரி இடம்னா அப்பாவுக்கு உசுரு.

நெட்ல தேடுனப்போ சியோலுக்கு தெக்க இருக்குற சுவோன் ஊர்ல ஹ்வாசோங் கோட்டைன்னு ஒண்ணு வந்துச்சு, ஊரைச் சுத்தி மதில், அது மேலயே நடக்கலாம்னு போட்டிருந்தாங்க. போனவங்க இருக்கீங்களா? சியோலை விட்டுட்டு அங்க போறது வொர்த்தா, இல்ல சியோல்லயே அரண்மனை பாத்துட்டு இருந்திடலாமா? எந்தப் பக்கம் ஆரம்பிச்சு எந்தப் பக்கம் முடிக்கணும்னு யாராச்சும் விவரமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

---

கோட்டைக்கரை

தங்கச்சி, யோசிக்கவே வேணாம், சுவோன் வாங்க. நான் இங்கதான் வேலை பாக்குறேன், சாயங்காலம் வேலை முடிஞ்சா அந்த மதில் மேலதான் என் நடை. நீங்க கேட்ட எல்லாமே இங்க இருக்கு. சுவோன்னா சின்ன ஊர்னு நினைச்சுடாதீங்க, பத்து லட்சத்துக்கு மேல ஜனம் இருக்குற பெரிய நகரம், சாம்சங் எலக்ட்ரானிக்ஸோட தலைமையகமே இங்கதான். அந்த ஊருக்கு நடுவுல 5.7 கிலோமீட்டர் சுத்தளவுக்கு ஒரு கோட்டை மதில், அதுக்கு உள்ளயும் வெளியயும் வீடு, ஸ்கூல், மார்க்கெட், காபி கடைன்னு எல்லாம் சாதாரணமா நடந்துட்டு இருக்கு.

ஆனா கதை தெரியாம நடந்தா பாதி சுகம்தான், அதனால அப்பாவுக்கு முதல்ல கதையைச் சொல்லிடுங்க. அப்போ கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்சத்துல யோங்ஜோன்னு ஒரு ராஜா, அவர் 1762ல தன்னோட சொந்த மகன் சாடோ இளவரசரை அரிசி போட்டு வைக்கிற மரப்பெட்டிக்குள்ள அடைச்சுப் பூட்ட உத்தரவு போட்டார், கோடை வெயில்ல எட்டு நாள் உள்ளயே கிடந்து அந்த மனுஷன் செத்துப்போனார். அப்போ சாடோவோட பையனுக்கு பத்து வயசுதான் இருக்கும். அந்தப் பையன்தான் 1776ல ஜோங்ஜோங்கிற பேர்ல ராஜாவா உக்காந்தார். 1789ல அப்பாவோட சமாதியை சுவோன் பக்கத்துல இருந்த நல்ல மலைக்கு மாத்தினார், ஆனா பழைய சுவோன் ஊரு அந்த மலை அடிவாரத்துலதான் இருந்துச்சு, அதனால ஊரையே பெயர்த்து பால்தால்சான் குன்று அடிவாரத்துக்கு கொண்டுவந்தார். அந்தப் புது ஊருக்குக் கட்டுன மதில்தான் ஹ்வாசோங். 1794ல ஆரம்பிச்சு 1796ல முடிச்சாங்க. பத்து வருஷம் ஆகும்னு போட்ட கணக்கு, ரெண்டே முக்கால் வருஷத்துல முடிஞ்சிருச்சு.

அப்பா பாசம் மட்டும்தான் காரணம்னு சொன்னா அது முழுசா சரியில்ல. சியோல்ல இருந்த பழைய குடும்பங்களோட பிடியில இருந்து விலகி, தனக்குன்னு படையும் வியாபாரமும் இருக்குற ஒரு புது நகரம் அவருக்கு வேணும்னு இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்ததுதான் இந்த ஊரு.

இப்போ ரூட். பால்தால்முன்ல ஆரம்பிங்க, அது தெக்கு வாசல். பாத்தவுடனே அசந்துடுவீங்க, நடு ரோட்ல ரவுண்டானாவா நிக்குது, பஸ்ஸும் டாக்ஸியும் அதை சுத்திட்டுப் போகுது. மதில் விட்டுப்போன ஒரே இடம் அதுதான், ரெண்டு பக்கமும் கடை கட்டி ரோடு போட்டுட்டாங்க. அங்கேருந்து மேற்குப் பக்கம் குன்று மேல படி ஏறுது, அதுதான் மொத்த நடையிலயும் கஷ்டமான ஏத்தம், ஆனா குன்று 150 மீட்டர் உயரம்கூட இல்ல, காலைல தெம்பா இருக்குறப்பவே ஏறி முடிச்சிட்டா அதுக்கப்புறம் பூரா இறக்கமும் சமமும்தான். உச்சியில சோஜாங்தே, படைத்தலைமை மண்டபம், அங்க நின்னா ஊர் முழுக்க தெரியும், கீழ ஓட்டுக்கூரையா, ராஜா சுவோன் வந்தா தங்குற ஹேங்குங் அரண்மனை, அதுக்கு அப்பால அடுக்குமாடி. அங்கேருந்து இறங்கினா ஹ்வாசோமுன், மேற்கு வாசல். அக்டோபர்னு சொல்றீங்க, அந்தப் பக்கம் மதிலுக்கு வெளிய சரிவு முழுக்க நாணல் மாதிரி வெள்ளைப் புல் பூத்து நிக்கும், வாசல் வழியா வெளிய போயி ஒரு அஞ்சு நிமிஷம் மதிலை கீழ இருந்து பாத்துட்டு வாங்க.

அப்புறம் ஜாங்கான்முன், வடக்கு வாசல். பொதுவா தெக்கு வாசல்தான் தலைவாசலா இருக்கும், இங்க ராஜா சியோல்ல இருந்து வடக்குப் பக்கமாத்தான் வருவார், அதனால வடக்கு வாசலே தலைவாசல், சியோலோட தெக்கு வாசலை விடப் பெருசு. அதைத் தாண்டினா ஹ்வாஹோங்முன், ஆத்து மேல கட்டுன வாசல், ஏழு வளைவு, ஏழுலயும் தண்ணி ஓடும். அதுக்குப் பக்கத்துலயே மேட்டுல பாங்ஹ்வாசுர்யுஜோங்னு ஒரு மண்டபம், கீழ யோங்யோன்னு குளம். அங்க உக்காருங்க. அவசரமே படாதீங்க. என்னைக் கேட்டா கொரியாவுல இருக்குற அழகான மண்டபம் அதுதான், எதிரியைக் கண்காணிக்க கட்டுன காவல் மண்டபத்தை இவ்வளவு அழகா கட்டணும்னு எவனுக்குத் தோணும் சொல்லுங்க.

மிச்சம் கிழக்குப் பக்கம்: வில்வித்தை மைதானம் இருக்குற யோன்முதே, சுருள் மாதிரி உள்ளயே சுத்தி ஏறுற செங்கல் கோபுரம், சாங்யோங்முன் வாசல், அப்புறம் அஞ்சு புகைக்கூண்டு வெச்ச போங்தோன். சாதாரண நாள்ல ஒரு கூண்டுல மட்டும் புகை விடுவாங்க, எதிரி வர வர ஒண்ணொண்ணா கூடும், அஞ்சுலயும் புகைன்னா சண்டை நடக்குதுன்னு அர்த்தம். அங்கேருந்து இறங்கினா நேரா மார்க்கெட்டுக்குள்ள வந்துடுவீங்க, ஆத்தைத் தாண்டுனா திரும்ப பால்தால்முன்.

நிக்காம நடந்தா மூணு மணி நேரம். நீங்க சொல்ற மாதிரி மெதுவான்னா, ஹேங்குங்கையும் சேத்து முழு நாள் சரியா இருக்கும்.

---

ஹான்_நதிக்கரை

அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் சியோல் கட்சி. ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னா போயிட்டு வர்ற நேரத்தை ஏன் ட்ரெயின்ல விடணும்? சியோலுக்கும் மதில் இருக்கு, 18.6 கிலோமீட்டர், 1396ல கட்டுனது, சுவோனை விட நானூறு வருஷம் பழசு. முழுசா நடக்க வேணாம், ஹ்யேஹ்வாமுன் வாசல்ல இருந்து ஹுங்கின்ஜிமுன் வாசல் வரைக்கும் நாக்சான் பகுதி மட்டும் நடங்க, ரெண்டு கிலோமீட்டர்தான், ஏத்தமும் மென்மையா இருக்கும்.

உங்க அப்பாவுக்கு அங்க ஒரு விருந்து இருக்கு சிஸ்டர். மதிலோட வெளிப்பக்கமா நடந்தா கல்லைப் பாத்தே எந்த ராஜா காலத்துக் கல்லுன்னு சொல்லிடலாம். கரடுமுரடா சின்ன சின்ன கல்லா அடுக்கியிருந்தா 1396ல முதல்ல கட்டுனது. மக்காச்சோள முத்து மாதிரி ஓரம் உருண்டு இருந்தா 1422ல சேஜோங் ராஜா திருப்பிக் கட்டுனது. சதுரமா வெட்டி நெருக்கமா வெச்சிருந்தா 1704க்கு அப்புறம். ஒரே சுவத்துல மூணும் ஒண்ணு மேல ஒண்ணா நிக்கும். ஹுங்கின்ஜிமுன் கிட்ட வர்றப்போ எழுத்து செதுக்குன கல்லு இருக்கு, யார் பொறுப்புல கட்டுனாங்கன்னு பேரு போட்டிருக்கும். ஏதாச்சும் இடிஞ்சு விழுந்தா அவங்களையே கூப்பிட்டு சரி பண்ணச் சொல்றதுக்காக.

காலைல சாங்தோக்குங் அரண்மனை, மதியம் நாக்சான் மதில், சாயங்காலம் சோங்க்யேசோன் ஓடை. ஓடையை மூடி மேல பாலம் போட்டு வண்டி ஓட்டிட்டு இருந்தாங்க, அதை இடிச்சு 2005ல திரும்ப ஓடையா ஆக்கினாங்க. ஓடையோரமா ஒரு சுவத்துல கிட்டத்தட்ட 190 மீட்டர் நீளத்துக்கு ஓடு பதிச்சு ஒரு ஊர்வலப் படம் இருக்கு. அது என்ன ஊர்வலம் தெரியுமா, அண்ணா சொன்ன அதே ஜோங்ஜோ ராஜா 1795ல அம்மாவைக் கூட்டிட்டு சுவோன் போன ஊர்வலம்தான்! குதிரை, கொடி, மேளக்காரங்க, பல்லக்குன்னு ஒவ்வொரு ஆளா வரைஞ்சிருக்கும். அதனால சுவோன் போறதா இருந்தாலும் முந்தின நாள் சாயங்காலம் மீட்டிங் முடிஞ்சு ஓடையோரம் போயி அந்தப் படத்தை பாத்துடுங்க. மறுநாள் அந்த ஊர்வலம் போய் சேர்ந்த ஊர்லயே நடக்கலாம்.

(இப்படி எழுதிப் பாத்தா நானே சுவோனுக்கு ஓட்டு போட்ட மாதிரி ஆயிடுச்சு. ஆனாலும் சாங்தோக்குங்கை விட்டுடாதீங்க, அரை நாள் லீவு கிடைச்சா அதுக்குப் போங்க, திங்கள் மட்டும் மூடியிருக்கும்.)

---

கல்வெட்டுக்_கண்

ஒரு விஷயத்தை யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். ஹ்வாசோங்ல நீங்க பாக்குறதுல பெரும்பகுதி 1970கள்ல திருப்பிக் கட்டுனது. ஜப்பான் ஆட்சியில சிதைஞ்சது பாதி, கொரியப் போர்ல குண்டு விழுந்து போனது மீதி. அந்தப் பெரிய ஜாங்கான்முன் வாசலே போர்ல போயிடுச்சு, இப்ப நிக்கிறது புதுசு. சோஜாங்தே 2006ல ஒருத்தன் தீ வெச்சு எரிஞ்சுபோயி மறுபடி கட்டுனது. ஹேங்குங் அரண்மனையை ஜப்பான்காரங்க ஆஸ்பத்திரியா மாத்தி ஏறக்குறைய எல்லாத்தையும் இடிச்சுட்டாங்க, இப்ப இருக்குறது 2003ல திறந்தது, கடைசிப் பகுதி 2024லதான் முடிஞ்சது. வரலாறு வாத்தியாரைக் கூட்டிட்டு போறீங்க, அவருக்கு இதைச் சொல்லாம கூட்டிட்டு போறது நியாயமில்ல. பழைய கல்லைத் தொடணும்னு வர்றவருக்கு நாக்சான்தான் பொருத்தம்னு எனக்குத் தோணுது.

---

கோட்டைக்கரை

நீங்க சொன்ன தகவல் எல்லாமே உண்மைதான் சார், சொன்னது நல்லதுதான். ஆனா முடிவு மட்டும் எனக்கு ஒத்துவரல.

முதல் விஷயம், எல்லாமே புதுசில்ல. பால்தால்முன் அசல், ஹ்வாசோமுன் அசல், அதை ஒட்டி நிக்கிற செங்கல் கோபுரமும் அசல், பாங்ஹ்வாசுர்யுஜோங் மண்டபமும் அப்படித்தான், எல்லாமே அரசு பாதுகாக்குற பொக்கிஷப் பட்டியல்ல இருக்கு. மதிலோட அடிக்கல்லும் பல இடத்துல பழசுதான், மேல வெச்ச கல்லோட நிறம் வெளுப்பா இருக்கும், பாத்தாலே தெரியும்.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். கோட்டையைக் கட்டி முடிச்சப்புறம் 'ஹ்வாசோங் சோங்யோக் உய்க்வே'ன்னு ஒரு அறிக்கை எழுதி 1801ல அச்சடிச்சாங்க. அதுல என்ன இருக்குங்கறீங்க? ஒவ்வொரு வாசலோட படம், உள்ள இருந்து எப்படித் தெரியும் வெளிய இருந்து எப்படித் தெரியும்னு தனித்தனியா, ஒவ்வொரு பாகத்தோட அளவு, எத்தனை கல்லு, எத்தனை செங்கல், ஆணி எவ்வளவு, எது எங்கேருந்து வந்துச்சு, என்ன விலை. கல் தச்சன், மரத் தச்சன், கொல்லன் பேரு, அவன் எந்த ஊரு, எத்தனை நாள் வேலை பாத்தான், என்ன கூலி. ஆமா சார், கூலி குடுத்துக் கட்டுன கோட்டை இது, அந்தக் காலத்துல ஊர் ஜனத்தை சும்மா இழுத்துட்டு வந்து வேலை வாங்குறதுதான் வழக்கம். அந்த அறிக்கையை விரிச்சு வெச்சுக்கிட்டுத்தான் 1975ல இருந்து 1979 வரைக்கும் திருப்பிக் கட்டினாங்க. ஊகம் பண்ணி எழுப்புன கோட்டையும், கட்டுனவனே எழுதி வெச்ச கணக்கைப் பாத்து எழுப்புன கோட்டையும் ஒண்ணாகாது. 1997ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க, சாங்தோக்குங்கும் அதே வருஷம்தான்.

ஒரு வரலாறு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேணும்? கட்டிடம் ஒரு பக்கம், அதைக் கட்டுன கணக்குப் புஸ்தகம் இன்னொரு பக்கம், ரெண்டையும் வெச்சு ஒத்துப் பாக்கலாம்.

அப்புறம் ஜோங் யாக்யோங் பத்திச் சொல்லாம விட்டுட்டேன். கோட்டைக்கு திட்டம் போட்டுக் குடுத்த இளம் அறிஞர். மேற்கத்திய இயந்திரங்களைப் பத்தி சீனாவுல வந்த ஒரு புஸ்தகத்தை ராஜா அவர் கையில குடுத்தார், அதைப் படிச்சு கோஜுங்கின்னு ஒரு பாரம் தூக்கி செஞ்சார். மேல நாலு கப்பி, கீழ நாலு கப்பி, ரெண்டு பக்கமும் உருளையை ஆளுங்க சுத்துவாங்க, கல்லு தானா மேல எழும்பும். ஹ்வாசோங் மியூசியம் வாசல்ல அதோட மாதிரி நிக்குது, அப்பாவைக் கூட்டிட்டு போய் காட்டுங்க. இத்தனையும் செஞ்ச மனுஷனை, ஜோங்ஜோ செத்த அடுத்த வருஷமே, 1801ல நாடு கடத்திட்டாங்க, பதினெட்டு வருஷம் தெக்குக் கோடியில கிடந்தார். எனக்கு இன்னும் அதை நினைச்சா ஆறமாட்டேங்குது.

---

கல்வெட்டுக்_கண்

கூலிக் கணக்கு வரைக்கும் இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒத்துக்குறேன், அப்படின்னா வாத்தியார் சுவோனே போகட்டும். எது அசல் எது புதுசுன்னு தெரிஞ்சுகிட்டு நடந்தா சரி.

---

சோறு_முக்கியம்

எல்லாரும் வரலாறு சொல்லிட்டீங்க, போற வழியும் சாப்பாடும் நான் சொல்றேன்.

ட்ரெயின்: மெட்ரோ ஒண்ணாம் நம்பர் லைன்ல ஏறினா நேரா சுவோன் ஸ்டேஷன், சியோல் ஸ்டேஷன்ல இருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆனா குரோ ஸ்டேஷன்ல லைன் ரெண்டா பிரியுது, ஒண்ணு இஞ்சியோன் போயிடும், அதனால ஏறுறதுக்கு முன்னாடி போர்டுல கடைசி ஸ்டேஷன் பேரைப் பாருங்க, இஞ்சியோன்னு போட்டிருந்தா விட்டுடுங்க, சோனான் இல்ல சின்சாங்னு போட்டிருந்தா ஏறுங்க. அப்பா உக்காந்துட்டு வரணும்னா சியோல் ஸ்டேஷன்ல முகுங்ஹ்வா ட்ரெயின் டிக்கெட் போடுங்க, அரை மணி நேரத்துல சுவோன் வந்துடும், ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கும் அதனால முன்னாடியே புக் பண்ணிடுங்க. தெக்கு சியோல்ல தங்குறீங்கன்னா சாதாங்ல இருந்து 7770 சிவப்பு பஸ். சுவோன் ஸ்டேஷன்ல இருந்து பால்தால்முன்னுக்கு டவுன் பஸ்ஸே பத்து நிமிஷம்தான், டி-மணி கார்டு (முன்னாடியே காசு ஏத்தி வெச்சுக்குற பயண கார்டு) பஸ், மெட்ரோ எல்லாத்துக்கும் செல்லும். ஃபோன்ல நேவர் மேப் இல்ல காகாவோ மேப் ஏத்திக்கோங்க, நடக்குறதுக்கு அதுதான் சரியா வழி காட்டும்.

சாப்பாடு: சுவோன்னா மாட்டு விலா எலும்பு சுட்டது, கால்பின்னு சொல்வாங்க, அதுதான் ஊர் ஸ்பெஷல். ஆத்தோரமா ஒரு தெரு முழுக்க முழுக்கோழி பொரிச்சுக் குடுக்குற கடைங்க, பெரிய இரும்புச் சட்டியில பொரிச்சு தட்டுல மலை மாதிரி கொட்டுவாங்க, சாயங்காலம் வரிசை நிக்கும். சைவம்னா பிபிம்பாப் (சோத்து மேல காய்கறி வெச்சு கலந்து சாப்பிடுறது) கடைல 'கோகி பேஜுசேயோ'ன்னு சொல்லுங்க, கறியை எடுத்துடுவாங்க, முட்டையும் வேணாம்னா 'கேரான்தோ'ன்னு சேத்துக்கோங்க. ஆனா சூப்லயும் கிம்ச்சியிலயும் மீன் சாறு இருக்கும், கறாரா சைவம்னா அதைத் தொடாதீங்க. மதில் மேல கடை கிடையாது, தண்ணி பாட்டிலோட ஏறுங்க.

முட்டி பத்தி: பால்தால்முன் படியில ஏற வேணாம்னு தோணுச்சுன்னா ஹ்வாசோமுன்ல ஆரம்பிச்சு வடக்கு, கிழக்குன்னு சுத்தி மார்க்கெட்ல முடிச்சிடுங்க. குன்று மட்டும்தான் விட்டுப்போகும், மத்தது எல்லாம் கிடைச்சிடும். கிழக்குப் பக்கம் ஏத்த இறக்கம் ரொம்ப லேசு.

---

பயணப்பித்து

போயிட்டு வந்தாச்சு! எல்லாருக்கும் மனசார நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும்னு எதிர்பாக்கவே இல்ல.

ஹான்_நதிக்கரை அக்கா சொன்ன மாதிரி சனிக்கிழமை சாயங்காலமே ஓடையோரம் அந்த ஊர்வலப் படத்தைப் பாத்துட்டோம். அப்பா ஒரு முனையில ஆரம்பிச்சு மறுமுனை வரைக்கும் ஒவ்வொரு ஓடா பாத்துட்டே நடந்தார். ராஜாவோட குதிரை வர்ற இடத்துல குதிரை மட்டும் இருக்கு, மேல ஆளே இல்ல, ராஜா உருவத்தை வரையக் கூடாதுன்னு காலியா விட்டிருக்காங்க, அதை அவரே கண்டுபிடிச்சு எனக்குக் காட்டினார்.

ஞாயித்துக்கிழமை முகுங்ஹ்வாலதான் போனோம். பால்தால்முன் படியே ஏறுறேன்னு அப்பா பிடிவாதம் பிடிச்சார், நடுவுல நின்னு நின்னு ஏறினோம், மேல போனதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே. வயசான கொரியாக்காரங்க நிறைய பேர் சும்மா காலை நடைக்கு வந்திருந்தாங்க, ஒரு பாட்டி அப்பாவைப் பாத்துட்டு பையில இருந்து ஆரஞ்சு எடுத்துக் குடுத்தாங்க.

மதில்ல அவர் ரொம்ப நேரம் நின்ன இடம் எது தெரியுமா, துப்பாக்கி ஓட்டை. கைப்பிடிச் சுவர் பல்லு பல்லா இருக்குல்ல, ஒவ்வொரு பல்லுலயும் மூணு ஓட்டை இருக்கு. ஓரத்துல இருக்குற ரெண்டும் நேரா போகுது, அது வழியா பாத்தா தூரத்து அபார்ட்மெண்ட் தெரியுது. நடு ஓட்டை மட்டும் கீழ்நோக்கி சாய்வா வெட்டியிருக்காங்க, அதுல கண்ணை வெச்சா மதில் அடியில நிக்கிற கார் கூரை தெரியுது. தூரத்துல வர்றவனுக்கு ரெண்டு, சுவத்தை ஒட்டி வந்துட்டவனுக்கு ஒண்ணு. அப்பா உள்ள கையை விட்டு சாய்வை தடவிப் பாத்துட்டு, அடுத்த பல்லுலயும் அதே மாதிரிதானான்னு செக் பண்ணிட்டு, அதுக்கு அடுத்ததையும் பாத்துட்டுத்தான் வந்தார். உள்பக்கம் மண்ணை சரிவா கொட்டி மதிலுக்கு முட்டுக் குடுத்திருக்காங்க, வெளிய பாத்தா ஆறு மீட்டர் வரைக்கும் செங்குத்தா நிக்குது, உள்ள பாத்தா புல்லு மேட்டுல ஜனங்க நாயைக் கூட்டிட்டு நடக்குறாங்க.

கல்வெட்டுக்_கண் சார், உங்களுக்காக ஒண்ணு. சாங்யோங்முன் வாசல் சுவத்துல எழுத்து வெட்டுன கல்லு இருக்கு, வேலையை மேற்பார்வை பாத்தவங்க பேரும் கல் தச்சன் பேரும் சீன எழுத்துல. ஃபோன்ல போட்டு எழுத்து எழுத்தா படிக்க வெச்சார் அப்பா. உங்க கமெண்டை ரூம்லயே படிச்சுக் காட்டியிருந்தேன், அதனால நாள் முழுக்க "இது பழசு, இது எழுபதுல வெச்சது"ன்னு கல்லு நிறத்தைப் பாத்து சொல்லிட்டே வந்தார். நீங்க சொல்லாம இருந்திருந்தா இந்த சுவாரசியம் வந்திருக்காது.

குளக்கரைல ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்துட்டோம். காலேஜ் பசங்க பாய் விரிச்சு பிக்னிக், கல்யாண ஜோடி ஒண்ணு ஃபோட்டோ ஷூட், மேல மண்டபத்துல செருப்பைக் கழட்டிட்டு தாத்தாக்கள் கூட்டம். அதனால ஹேங்குங்குக்கு கடைசியிலதான் போக முடிஞ்சது. அங்க போங்சுதாங் மண்டபத்துல ஜோங்ஜோ தன்னோட அம்மா ஹேக்யோங் அம்மையாருக்கு 1795ல அறுபதாம் வயசு விருந்து வெச்சதை பொம்மை வெச்சு காட்டியிருக்காங்க. சாடோ இளவரசரும் அதே 1735ல பிறந்தவர்தான், உயிரோட இருந்திருந்தா அவருக்கும் அது அறுபதுன்னு போர்டுல படிச்சதும் அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசல.

ஒரு கேள்வி பாக்கி இருக்கு. சாடோவோட சமாதியையும் பாக்கணும்னு அப்பா கேக்குறார். எனக்கு செவ்வாய் மதியத்துக்கு மேல மீட்டிங் இல்ல, அரை நாள்ல முடியுமா? அங்க நடக்க தோதா இருக்குமா?

---

கோட்டைக்கரை

படிக்கவே நிறைவா இருக்கு தங்கச்சி, அந்த நடு ஓட்டை சாய்வை எத்தனையோ தடவ கடந்து போயும் நான் கவனிச்சதில்ல, நாளைக்கே போய் பாக்குறேன்.

தாராளமா முடியும். இடத்தோட பேரு யுங்னுங், சுவோனுக்கு தெக்க ஹ்வாசோங் சிட்டில இருக்கு (கோட்டைக்கும் அந்த ஊருக்கும் ஒரே பேரு, டாக்ஸிக்காரர்கிட்ட தெளிவா சொல்லுங்க). அதே ஒண்ணாம் நம்பர் லைன்ல சுவோனைத் தாண்டி ப்யோங்ஜோம் ஸ்டேஷன்ல இறங்கி பஸ் இல்ல டாக்ஸி. சாடோவும் ஹேக்யோங் அம்மையாரும் ஒரே மேட்டுல, பக்கத்துலயே கோல்லுங்ங்கிற சமாதியில ஜோங்ஜோ. முழுக்க பைன் மரக்காடு, பாதை சமமா இருக்கும், முட்டிக்கு ஒரு பிரச்சனையும் வராது. ஜோசோன் ராஜ சமாதிகள்னு 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்ததுல இதுவும் ஒண்ணு. நேரம் மிச்சமிருந்தா கிட்டத்துலயே யோங்ஜுசா புத்தர் கோயில், அப்பா ஆத்மாவுக்காக 1790ல ஜோங்ஜோ கட்டுனது.

திங்கள்தான் சமாதி மூடியிருக்கும், செவ்வாய்ன்னா கவலையில்ல. ஆனா சாயங்காலம் சீக்கிரமே உள்ள விடுறதை நிறுத்திடுவாங்க, மதியம் சாப்பாட்டை முடிச்ச கையோட கிளம்பிடுங்க.